ஆட்டிசம், பால்புதுமை, சாப்பாட்டுச் சிக்கல்: ஏற்புச் சிகிச்சை என்ன செய்யும், என்ன செய்யாது

கேள்வி இது: "எனக்கு வயது 24. சென்ற ஆண்டுதான் ஆட்டிசம் என்று உறுதியானது. நான் நான்பைனரி, அதாவது ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குள்ளும் அடங்காத ஆள். நான்கைந்து உணவுகளைத் தவிர வேறு எதுவும் தொண்டையில் இறங்குவதில்லை. மன அழுத்தம் கூடினால் அதுவும் குறைந்துவிடுகிறது. முன்பு பார்த்த தெரபிஸ்ட், எடை கூடிவிடும் என்ற பயம்தான் காரணம் என்று சொல்லிக் கண்ணாடி முன் நிற்கும் பயிற்சி கொடுத்தார். மூன்று அமர்வுகளோடு நிறுத்திவிட்டேன். இப்போது 'அஃபர்மிங் தெரபி' என்று கேள்விப்படுகிறேன். அது என்ன? நான் சொல்வதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டுவதா? அதனால் எனக்குச் சாப்பிட முடியுமா? அப்படிப்பட்ட ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது?"

மூன்று அமர்வுகளோடு நிறுத்திவிட்டதற்காக உங்களைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். எடை பற்றிய பயம் உங்களுக்கு இருக்கிறதா என்று சரியாகக் கேட்டறியாமலேயே அதற்கான பயிற்சியைக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. தன் பாலினத்தோடு உடல் பொருந்தாத வேதனை உள்ள ஒருவரைக் கண்ணாடி முன் நிறுத்தி, "இதுதான் உன் உடல், பழகிக்கொள்" என்று சொன்னால் அது எப்படி வலிக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அங்கிருந்து எழுந்து வந்தது உங்களைக் காத்துக்கொள்ள நீங்கள் செய்த காரியம்.

நான் 15 ஆண்டுகளாக உணவுச் சிக்கல் உள்ளவர்களோடு வேலை செய்யும் உளவியல் ஆலோசகர். எனக்கே நாற்பதை ஒட்டிய வயதில்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது. அதற்கு முன்பு, நல்ல எண்ணத்தோடுதான், சில தவறுகளை நானும் செய்திருக்கிறேன். ஒன்றைக் கீழே சொல்கிறேன்.

அஃபர்மிங் தெரபியை ஏற்புச் சிகிச்சை என்று சொல்லலாம். உங்கள் மூளை வேலை செய்யும் விதம், உங்கள் பாலினம், நீங்கள் யாரை நேசிக்கிறீர்கள் என்பது, இவை எதையும் திருத்த வேண்டிய கோளாறாகப் பார்க்காமல் தொடங்கும் சிகிச்சை இது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மருத்துவம் இந்த இடத்துக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து ஓரினச்சேர்க்கையை நீக்கியது 1973இல். உலக சுகாதார அமைப்பு நீக்கியது 1990இல். திருநர் அடையாளத்தை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்துப் பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்தில் வைத்த ஐசிடி-11, அந்த அமைப்பின் புதிய நோய்ப் பட்டியல், நடைமுறைக்கு வந்ததோ 2022இல்தான்.

இன்னொரு பழைய கதையையும் சொல்ல வேண்டும். 1974இல் ஜார்ஜ் ரெக்கர்ஸும் இவார் லோவாஸும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 'பெண்தன்மையோடு' நடந்துகொண்ட ஒரு சிறுவனைப் பரிசும் தண்டனையும் கொடுத்து 'ஆண்பிள்ளையாக' மாற்றியதைப் பற்றிய கட்டுரை அது. அதே லோவாஸ்தான் ஆட்டிசக் குழந்தைகளை மற்றக் குழந்தைகளைப் போல நடந்துகொள்ளச் செய்யும் தீவிரப் பயிற்சி முறைக்குப் பெயர்பெற்றவர். கை அசைப்பதை நிறுத்து, கண்ணைப் பார்த்துப் பேசு, ஆண் போல நட, தட்டில் உள்ளதைச் சாப்பிடு, அப்போதுதான் பரிசு. இரண்டு சமூகங்களையும் திருத்தப் பார்த்தது ஒரே கருவிதான். இரண்டுக்கும் சேர்ந்தவர்கள் பலர் சிகிச்சை அறைக்குள் நுழையும்போதே உடல் விறைத்துப் போவதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். இரண்டுக்கும் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேரும் இல்லை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை வைத்து 2020இல் வெளியான ஆய்வில், மற்றவர்களோடு ஒப்பிட்டால் திருநர், நான்பைனரி நபர்களிடையே ஆட்டிசம் உள்ளவர்கள் 3 முதல் 6 மடங்கு அதிகமாக இருந்தார்கள். எடை கூடிவிடும் என்ற பயத்தில் பட்டினி கிடக்கும் சிக்கலான அனோரெக்சியாவுக்குச் சிகிச்சை பெறும் பெண்களிடையேயும் ஆட்டிசக் கூறுகள் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, உங்கள் மூன்று அடையாளங்களும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அபூர்வம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, உங்கள் தட்டுக்கு வருவோம். நல்ல தெரபிஸ்ட் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "ஏன் சாப்பிடுவதில்லை?" என்பதுகூட அல்ல. "சாப்பிடும்போது உங்களுக்கு என்ன நடக்கிறது?" என்பதுதான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பட்டினியும் ஒன்று போலவே இருக்கும். உள்ளே காரணங்கள் முற்றிலும் வேறு.

உங்கள் விவரத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ஆர்ஃபிட். உணவைத் தவிர்ப்பதும் கட்டுப்படுத்துவதுமான இந்தச் சிக்கல் 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலான டிஎஸ்எம்-5 வந்தபோதுதான் தனிப் பெயர் பெற்றது. இதில் எடை, உடல் வடிவம் பற்றிய கவலை காரணமாக இருக்காது. சிலருக்குச் சுவை, மணம், பதம் தாங்க முடியாது. சிலருக்குப் பசியும் உணவில் நாட்டமும் குறைவு. சிலருக்கு ஒரு முறை புரையேறியதோ வாந்தி எடுத்ததோ மனதில் தங்கி, விழுங்கவே பயம். மூன்றும் கலந்தும் இருக்கலாம். எழுத்தில் படித்ததை வைத்து நான் உங்களுக்கு நோய்ப்பெயர் சூட்டக்கூடாது, சூட்டவும் மாட்டேன். ஆனால் அடுத்துப் பார்க்கும் மருத்துவரிடம் "எனக்கு ஆர்ஃபிட் இருக்க வாய்ப்பு உண்டா?" என்று நேராகவே கேளுங்கள்.

புலன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். ஒரு பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று இனிக்கும், நாளை புளிக்கும். ஒன்று கடினமாக இருக்கும், இன்னொன்று உள்ளே குழைந்திருக்கும். ஒவ்வொரு கடியும் ஒரு திடீர்ச் சோதனை. பாக்கெட்டில் வரும் ஒரு பிஸ்கட் அப்படியில்லை. போன மாதம் எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருக்கும். உலகத்திலிருந்து வரும் ஒலி, ஒளி, தொடுதல் எல்லாவற்றையும் வடிகட்டாமல் வாங்கிக்கொள்ளும் நரம்பு மண்டலத்துக்கு, "இது என்னை ஏமாற்றாது" என்று தெரிந்த உணவு பெரிய நிம்மதி. பிடிவாதம், செல்லம், குழந்தைத்தனம் என்று மற்றவர்கள் பெயர் வைப்பது இந்த நிம்மதிக்குத்தான். நல்லது எது என்று இப்படிச் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தட்டில் இருப்பது நல்லது என்று தெரிந்தும் வாய் மறுக்கிறது. குமட்டல் விவாதம் செய்து ஜெயிக்கக்கூடிய விஷயம் இல்லை.

அடுத்தது இன்டரோசெப்ஷன், அதாவது உடலுக்குள்ளிருந்து வரும் செய்திகளை உணரும் திறன். பசி, தாகம், வயிறு நிறைந்தது, சிறுநீர் கழிக்க வேண்டும், இதயம் வேகமாக அடிக்கிறது போன்றவை. ஆட்டிசமோ, கவனத்தைக் குவித்து வைக்கச் சிரமப்படும் ஏடிஎச்டியோ உள்ள பலருக்கு இந்தச் செய்திகள் மங்கலாக வரும், அல்லது தாமதமாக வரும், அல்லது ஒரேயடியாக வந்து கொட்டும். மாலை நான்கு மணிக்குக் கை நடுங்கி, எரிச்சல் வந்து, யாரிடமாவது சண்டை போட்டபிறகுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே தெரியும். அப்படிப்பட்டவரிடம் போய், "உங்கள் உடல் சொல்வதைக் கேளுங்கள், பசிக்கும்போது சாப்பிடுங்கள்" என்றால் என்ன செய்வார்? மற்றவர்களுக்கு நல்ல அறிவுரையாக இருப்பது இவரைப் பட்டினி போட்டுவிடும். இவர்களுக்கு நான் கடிகாரத்தைத்தான் பரிந்துரைப்பேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அலாரம். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் ஏதாவது கொஞ்சம். பசியை உணரும் திறன் பிறகு வந்தால் வரட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை.

செயல்திட்டச் சிரமமும் உண்டு. என்ன சாப்பிடுவது என்று தீர்மானித்து, பொருள் வாங்கி, நறுக்கி, சமைத்து, பாத்திரம் கழுவுவது வரை ஒரு வேளை உணவு இருபது வேலைகளின் சங்கிலி. ஏடிஎச்டி உள்ளவருக்கு மூன்றாவது கண்ணியிலேயே அறுந்துபோகும். அவருக்குத் தேவை உளப்பகுப்பாய்வு அல்ல. நறுக்கிய காய்கறியும், ஒரே பாத்திரத்தில் முடியும் சமையலும், வீடியோ அழைப்பில் கூடவே சாப்பிடும் ஒரு நண்பரும்தான்.

இனி, பாலினமும் பாலீர்ப்பும். இதில் பட்டினி செய்யும் வேலை பல நேரம் மருத்துவர்களுக்கே புரிவதில்லை. பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்ட திருநம்பியோ நான்பைனரி நபரோ சாப்பாட்டைக் குறைத்தால் மாதவிடாய் நிற்கலாம், இடுப்பும் மார்பும் சுருங்கலாம். ஹார்மோனோ அறுவை சிகிச்சையோ கைக்கு எட்டாத இடத்தில், பசி ஒன்றுதான் தன் கையில் இருக்கும் கருவி என்று ஆகிவிடுகிறது. ஒரு திருநங்கைக்கு ஒல்லியாக இருப்பது பெண்ணாகப் பார்க்கப்படுவதற்கான வழியாகத் தோன்றலாம். ஆண்களை நேசிக்கும் ஆண்களிடையே உடற்கட்டு பற்றிய நெருக்கடி கடுமையானது. வெளியில் சொல்ல முடியாத ரகசியத்தோடு வளர்ந்த ஒருவருக்கு இரவில் அளவில்லாமல் சாப்பிடுவது மட்டுமே கிடைத்த ஆறுதலாக இருந்திருக்கும். சிறுபான்மை அழுத்தம் என்று இலான் மேயர் 2003இல் விரிவாக விளக்கியது இதைத்தான். பாகுபாடும், அது எப்போது வருமோ என்ற எதிர்பார்ப்பும், ஒளித்து வாழும் உழைப்பும் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். ஆட்டிசம் உள்ளவர் அதற்கு மேல், மற்றவர்களைப் போலவே நடந்துகாட்டும் இன்னொரு முகமூடியையும் அணிகிறார். இரண்டு முகமூடிகளோடு ஒரு நாளை முடித்து வீடு வந்தவரிடம் மெல்லவும் விழுங்கவும் தெம்பு மிச்சமில்லாமல் போவதில் எனக்கு வியப்பே இல்லை. மன அழுத்தம் கூடினால் அந்த நான்கைந்து உணவும் குறைகிறது என்கிறீர்களே, அதை இந்தக் கண்ணோடும் பாருங்கள்.

இதனால்தான் 'உன் உடலை நேசி' என்ற பொதுவான அணுகுமுறை இங்கே சறுக்குகிறது. ஒல்லியாக இருப்பவர் தன்னைப் பருமனாகக் காண்பது ஒரு வகை. மார்பு இருப்பதால் தன்னை எல்லாரும் பெண் என்று அழைக்கிறார்கள் என்று ஒருவர் வேதனைப்படுவது வேறு. அவர் உடலைத் தவறாகப் பார்க்கவில்லை. உள்ளதை உள்ளபடியே பார்க்கிறார், அது தனக்குப் பொருந்தவில்லை என்கிறார். அவருக்குப் பாலின உறுதிப்பாட்டு மருத்துவத்துக்கு வழி செய்வதும், விரும்பும் பெயரில் அழைப்பதும், ஆடையில் உதவுவதும் சாப்பாட்டுச் சிகிச்சையின் பகுதியே. "முதலில் எடை ஏறட்டும், பாலினத்தைப் பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால், எடை ஏற ஏற வேதனையும் ஏறும், சிகிச்சையை விட்டு ஓடிவிடுவார். இரண்டும் கூடவே நடக்க வேண்டும். நடைமுறையில் சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. டயட்டீஷியன்கள் பயன்படுத்தும் கலோரிக் கணக்கும், சில ரத்தப் பரிசோதனைகளின் இயல்பளவும் ஆண், பெண் என்று இரண்டு கட்டங்களில்தான் இருக்கும். ஹார்மோன் எடுப்பவருக்கு எந்தக் கட்டம் என்று யோசிக்கிறவரா, படிவத்தில் உள்ளதை வைத்து முடித்துவிடுகிறவரா என்று பாருங்கள். அதிலிருந்து நிறையத் தெரிந்துவிடும். 2013 வரை மாதவிடாய் நின்றிருப்பது அனோரெக்சியாவின் அடையாளங்களில் ஒன்றாகவே டிஎஸ்எம்மில் இருந்தது. மாதவிடாயே இல்லாதவர்களை மனதில் வைத்து அந்த வரையறை எழுதப்படவில்லை.

நான் செய்த தவறைச் சொல்கிறேன் என்றேன். தொழிலுக்கு வந்த புதிதில், உணவுச் சிக்கல்களுக்கான ஒரு விடுதிப் பிரிவில் வேலை செய்தேன். அங்கே அரை மணிக்குள் தட்டைக் காலி செய்ய வேண்டும், ஹெட்ஃபோன் கூடாது, உணவைச் சின்னத் துண்டுகளாக வெட்டக்கூடாது, கால் ஆட்டக்கூடாது. கால் ஆட்டினால் கலோரியை எரிக்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதுவோம். ஓர் இளம்பெண் முன்னும் பின்னுமாக அசைந்துகொண்டே சாப்பிடுவார். ரகசிய உடற்பயிற்சி என்று நினைத்து நான் நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்தினார். சாப்பிடுவதையும் நிறுத்தினார். அந்தக் கூடத்தின் குழல்விளக்கு வெளிச்சத்தையும், இருபது தட்டுகளின் சத்தத்தையும், இருபது உணவுகளின் வாடையையும் தாங்கிக்கொள்ள அவருக்கு இருந்த ஒரே துணை அந்த அசைவுதான். அதை ஸ்டிம்மிங் என்பார்கள். அதை நான் பிடுங்கிவிட்டேன். எத்தனையோ ஆண்டுகள் கழித்து என் சொந்த நரம்பு மண்டலத்தைப் புரிந்துகொண்டபோதுதான் அன்று செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அவரும் ஒரு காரணம்.

இப்போது சில இடங்களில் இது மாறிவருகிறது. லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் கேட் சான்டூரியா குழுவினர், ஆட்டிசமும் உணவுச் சிக்கலும் சேர்ந்தவர்களுக்காகவே பீஸ் பாத்வே என்ற வழிமுறையை உருவாக்கினார்கள். அதில் செய்த மாற்றங்களைக் கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். வார்டின் நிறங்களை மென்மையாக்கினார்கள். மணமும் சுவையும் அழுத்தமில்லாத, ஒரே மாதிரி வரும் உணவுகளை வைத்து ஒரு மெனு தயாரித்தார்கள். தனக்கு எது ஒத்துவரும், எது வராது என்று நோயாளியே எழுதி ஊழியர்களிடம் கொடுக்கும் குறிப்பேடு ஒன்றை வைத்தார்கள். ஆளை மாற்றுவதற்கு முன் அறையை மாற்றுவது என்பது இதுதான்.

தலையாட்டுவதா என்று கேட்டீர்கள். இல்லை. ஏற்புச் சிகிச்சை உங்களை ஏற்கும், பட்டினியை ஏற்காது. இந்த இடத்தில் நான் கறாராகவே இருப்பேன். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஓர் ஆய்வு நடத்தினார். நல்ல உடல்நலமும் மனநலமும் உள்ள 36 ஆண்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எப்போதும் உணவையே நினைத்தார்கள், சமையல் புத்தகங்களைப் படித்தார்கள், தட்டில் இருப்பதைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், பாலுணர்வும் வற்றிப்போனது. இது உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், இறுக்கம், ஒதுக்கம், சடங்கு போன்ற பழக்கங்களில் எது ஆட்டிசம், எது பட்டினி என்று பட்டினியில் இருக்கும்போது பிரித்துச் சொல்ல முடியாது. புலன்களும் அப்போது இன்னும் கூர்மையாக உறுத்தும். சிறுவயதில், பட்டினிக்கு முன்னால் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று விசாரிக்காமல் ஒரு தெரபிஸ்ட் முடிவுக்கு வரக்கூடாது. பட்டினி உணர்ச்சிகளை மரத்துப்போகச் செய்யும் என்பதும் உண்மை. வலியோடு வாழ்பவருக்கு அந்த மரப்பு இதமாக இருக்கும். அதை மரியாதையோடு ஒப்புக்கொள்வேன், ஆனால் "சரி, அப்படியே தொடருங்கள்" என்று சொல்ல மாட்டேன்.

உடல் ஆபத்து பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். விழித்து ஓய்வாக இருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே போனால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் அல்லது மயங்கினால், நெஞ்சு வலித்தால் அல்லது படபடத்தால், தண்ணீர்கூட உள்ளே நிற்காவிட்டால், தெரபி அமர்வுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஐந்து நாட்களுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவர், திடீரென்று நிறையச் சாப்பிடுவதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று விழுந்து இதயத்தைப் பாதிக்கும். அந்த நிலையில் மருத்துவரின் கண்காணிப்பில்தான் உணவைக் கூட்ட வேண்டும். எடை இயல்பாக இருந்தாலும், அதிகமாகவே இருந்தாலும் இதெல்லாம் நடக்கலாம். நான்கைந்து உணவுகளில் பல ஆண்டுகள் ஓட்டுபவர்களுக்குச் சத்துக் குறைபாடும் வரும். வைட்டமின் சி குறைந்து ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி, மிகக் குறுகிய உணவுப் பழக்கம் உள்ள ஆட்டிசக் குழந்தைகளிடம் இன்றும் காணப்படுகிறது. ஆகவே ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரும்பு, வைட்டமின் டி, பி12 எல்லாம் பார்க்கட்டும். குறைபாடு இருந்தால் மாத்திரையோ சொட்டு மருந்தோ போதுமானதாக இருக்கலாம். புது உணவு பழகும் வரை உடம்பு காத்திருக்க வேண்டியதில்லை. நாள்பட்ட மலச்சிக்கல், வயிறு மெதுவாகக் காலியாவது, மூட்டுகளின் அதிகத் தளர்ச்சியோடு வரும் குடல் தொல்லைகள் இவையும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் அடிக்கடி காணப்படுபவை. "எல்லாம் மனசுதான்" என்று ஒதுக்கும் மருத்துவரிடம் இவற்றைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள்.

மருந்து எடுப்பவராக இருந்தால் இரண்டு சொற்கள். ஏடிஎச்டிக்குத் தரும் ஊக்க மருந்துகள் பகலில் பசியைக் குறைக்கும், மாலையில் அவை இறங்கும்போது அடக்கிய பசி மொத்தமாக வரும். ஆகவே மாத்திரைக்கு முன்பே சாப்பிட்டுவிடுவது நல்லது. அதே வகையைச் சேர்ந்த லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமைன், கட்டுப்பாடில்லாமல் உண்ணும் சிக்கல் உள்ள பெரியவர்களுக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒருவருக்கு உதவுவது இன்னொருவரைப் பட்டினி போடும். புப்ரோபியான் என்ற மருந்தை அனோரெக்சியாவோ, அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு அதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது போன்றவற்றைச் செய்யும் புலிமியாவோ உள்ளவர்களுக்குத் தரக்கூடாது, வலிப்பு வரும் அபாயம் உண்டு. உங்கள் சாப்பாட்டு வரலாற்றை மருந்து எழுதுபவரிடம் மறைக்காதீர்கள்.

அப்புறம், அமர்வுகளில் என்னதான் நடக்கும்? முதல் சில வாரங்கள் உணவில் எதையும் மாற்றாமல் இருக்கலாம். நீங்கள் சாப்பிடும் நான்கைந்து உணவுகளையும் அக்கறையோடு ஆராய்வோம். எந்தப் பதம், எந்தச் சூடு, எந்தச் சத்தம், எந்தத் தட்டு, யார் பக்கத்தில் இருக்கும்போது. அந்த உணவுகள் உங்களுக்கு ஏன் பாதுகாப்பாக இருக்கின்றன என்பதில்தான் அடுத்த உணவுக்கான வழி கிடைக்கும். பிறகு, நீங்கள் விரும்பினால் மட்டும், ஏற்கெனவே பிடித்த ஒன்றுக்கு மிக நெருக்கமான ஒன்றைத் தொட்டுப் பார்க்கலாம். முகரலாம், நாக்கில் வைத்துத் துப்பவும் செய்யலாம். மறுக்கும் உரிமை ஒவ்வொரு படியிலும் உங்களுக்கு உண்டு. துப்பலாம் என்ற அனுமதி இருந்தால்தான் வாயில் வைக்கவே தைரியம் வரும் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பான உணவுக்குள் எதையும் ஒளித்து வைத்துக் கொடுக்கக் கூடாது. ஒரே ஒரு முறை அப்படி நடந்தாலும் அந்த உணவின் மீதுள்ள நம்பிக்கை போய்விடும், பட்டியலில் நான்கு மூன்றாகும். எது வெற்றி என்பதும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியது. விருந்தில் எல்லாரோடும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிடுவது உங்கள் இலக்காக இருக்க வேண்டியதில்லை. நாடி சீராக, ரத்தம் நலமாக, தனியாக ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து, பத்து உணவுகளைப் பயமில்லாமல் சாப்பிட்டால் எனக்கு அது முழு வெற்றிதான்.

குடும்பம் பற்றி ஒன்று. இளவயதினருக்கான அனோரெக்சியா சிகிச்சையில் பெற்றோரே உணவுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் முறை பலருக்குப் பலனளித்திருக்கிறது. ஆனால் பிள்ளையின் பாலினத்தை ஏற்காத வீட்டில் அதே முறை கொடுமையாகிவிடும். தட்டும் பெயரும் ஒரே கையில் பறிபோகும். உங்களுக்கு 24 வயது, யாரைச் சேர்ப்பது என்பது உங்கள் முடிவு. தேர்ந்தெடுத்த நண்பர், துணைவர், யாராகவும் இருக்கலாம்.

எப்படித் தேடுவது? 'அஃபர்மிங்' என்ற சொல்லை விளம்பரத்தில் போடுவது எளிது, அதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். முதல் அழைப்பிலேயே சில கேள்விகளைக் கேளுங்கள். ஆர்ஃபிட்டையும் அனோரெக்சியாவையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பீர்கள்? பசியே தெரியாதவருக்கு என்ன செய்வீர்கள்? என் பாலின வேதனையும் சாப்பாடும் தொடர்புடையதா என்று எப்படி அறிவீர்கள்? எடை பார்க்க வேண்டுமென்றால் எண்ணைக் காட்டாமல் பார்க்க முடியுமா? நான் கண்ணைப் பார்க்காமல், கையில் எதையாவது உருட்டிக்கொண்டு, சில நாள் எழுத்திலேயே பேசினால் பரவாயில்லையா? பதிலைவிட அவர் பதில் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். "எனக்கு இதில் அனுபவம் குறைவு, ஆனால் தெரிந்துகொள்ள ஆசை, மருத்துவரோடும் டயட்டீஷியனோடும் சேர்ந்து வேலை செய்வேன்" என்று நேர்மையாகச் சொல்பவர், எல்லாம் தெரியும் என்பவரைவிட மேல். "ஆட்டிசம் என்பதால் நீங்கள் பாலினத்தைக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள்" என்றோ, "பசித்தால் தானாகச் சாப்பிடுவீர்கள்" என்றோ சொன்னால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். அந்த இரண்டாவது வாக்கியம் ஆர்ஃபிட் உள்ளவர்கள் விஷயத்தில் பொய். அவர்கள் பசித்தாலும் சாப்பிட முடியாமல் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

நேரில் பேசும்போது சொல் வராமல் போனால் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பெயர், என்னை இப்படி அழையுங்கள், இந்த ஐந்து உணவுகள் எனக்கு முடியும், இந்த மூன்று வாடைகள் தாங்காது, கண்ணாடிப் பயிற்சி வேண்டாம், அழுத்தம் கூடினால் எனக்குப் பேச்சு நின்றுவிடும், அப்போது ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். அரைப்பக்கம் போதும். முதல் அமர்வின் முதல் ஐந்து நிமிடங்களில் அவர் அதைப் படிக்கட்டும், நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருங்கள்.

சரியானவர் கிடைக்கச் சில வாரங்கள், ஏன் மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை உங்களால் முடிகிற அந்த நான்கைந்து உணவுகளை நிறையச் சாப்பிடுங்கள். தினமும் அதையேவா என்று யார் கேட்டாலும் சரி. இரண்டு வாரத்துக்கு வேண்டியதை வீட்டில் கூடுதலாக வாங்கி வையுங்கள், தயாரிப்பு நிறுவனம் செய்முறையையோ பாக்கெட்டையோ மாற்றிவிட்டால் திண்டாடாமல் இருக்கலாம். மெல்லத் தெம்பில்லாத நாளுக்குக் குடிக்கக்கூடிய ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும். போனில் அலாரம் வையுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு இந்த வாரமே போய்விடுங்கள், முடிவுகளை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் அமர்வுக்கு அந்தத் தாளோடு சேர்த்து அதையும் எடுத்துப் போகலாம்.